ட

மெதுவாகத்தான் போட்டேன்.
அது அப்படிப்பட்ட ஆட்டம்.
பந்து ஆளுயரம் தாண்டி ஏறி
மேலே போய்க் கொஞ்சம் யோசித்து
பிறகுதான் இறங்க வேண்டும்.
முட்டத்துச் செம்மண் மேட்டில்
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து
வேட்டியைக் கழற்றிக் கால்சட்டைக்கு மாறுகிறவர்களும்
நாற்பத்தொன்றில் முட்டி வலிக்கிற நானும் ஆட
அதற்குமேல் வேகம் எதற்கு?

ததேயுவின் மட்டை பஹ்ரைனிலிருந்து வந்தது.
அலுமினியம். உள்ளே காற்று.
நான் நலம் விசாரிப்பதுபோல் போட்டதை
கடன் கேட்டு வந்தவனுக்குச் சொல்வதுபோல்
திருப்பி அடித்தான்.
ஐம்பது அடி.
இமைக்க எவ்வளவு நேரமாகும் என்று
இப்போது எனக்குத் தெரியும்:
பந்து வரும்போது
இமை பாதிவழி இறங்கியிருந்தது.

நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
பதினாறு வருடமாக மற்றவர் எலும்புகளுக்குச் சொன்ன
"அசையாதீங்க"வை
அன்று சுபாஷினி எனக்குச் சொன்னாள்.
திரையில் என் தாடை.
இடப்பக்கம், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே
ஒரு மயிரிழை.
நல்ல படம், கோணம் சரி என்று சொல்லப் பார்த்தேன்.
வாய் வரவில்லை.
கட்டைவிரலைக் காட்டினேன்.

ஆறு வாரம் கஞ்சியும் மீன்சாறும், குழலில்.
ததேயு வீட்டுப் பக்கம் வரவே இல்லை.
ஏழாவது ஞாயிறு மைதானத்தில் ஒரு சட்டகம் நின்றது.
ஒன்றரை அங்குலக் குழாய்,
குளச்சலில் இரவோடிரவாகப் பற்றவைத்தது.
பற்றவைத்தது யார் என்று
எல்லாருக்கும் தெரியும்; யாரும் சொல்லவில்லை.
காற்றில் சாயாமலிருக்க அடியில் மணல்மூட்டை,
மணவாளக்குறிச்சிக் கருமணல்,
கனம் கூடுதல், எங்கே அள்ளினாய் என்று கேட்கக்கூடாது.
வலத்தோளுக்கு நேரே மேல்பாதியை
வெட்டி இறக்கியிருந்தான்,
எறிகிற கை போய்வர.
என் பக்கமிருந்து பார்த்தால் 'ட'.
மட்டை பிடிப்பவன் பக்கமிருந்து
அது எழுத்தே இல்லை.

முதலில் கட்டியது சாளை வலை.
இரண்டாம் பந்தில் கிழிந்தது.
துறைமுகத்தில் வலை பொத்துகிற ஃபெர்மினா
விசைப்படகு மடியின் வாலை இரட்டையாக மடித்து
குழாயோடு இறுக்கித் தைத்தாள்.
பந்தைக் கையில் உருட்டிப் பார்த்து
"இது எந்த மீனுக்க தலை பிள்ளே?" என்றாள்.

வலையில் பட்ட பந்து செத்த பந்தா,
உயிரோடிருக்கிற பந்தா
என்று இரண்டு ஞாயிறு சண்டை.
பங்குச்சாமியைக் கேட்போம் என்றார் இன்னாசி.
பங்குச்சாமி கிரிக்கெட்காரர்.
கடைசியில் செத்ததாக முடிவாயிற்று,
மறுபடி போட வேண்டும்.

நான் பின்னால் நிற்கமாட்டேன் என்றேன்.
கோழியா நான், கூட்டுக்குள் நிற்க?
யாரும் வற்புறுத்தவில்லை.
வற்புறுத்தியிருந்தால்
வீட்டுக்குப் போயிருப்பேன்.
காற்று கடலிலிருந்து வந்தது.
தாடை, மழைக்கு முன்பு போல, லேசாக உளைந்தது.
இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன்.
அவ்வளவுதான்.

அங்கிருந்து பார்த்தால்
ததேயு சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தான்.
பாவசங்கீர்த்தனக் கூட்டின் அழிக்கு இந்தப்புறம்
நான் உட்கார்ந்ததே இல்லை.
போட்டேன்.
அடித்தான். நேரே.
வலை வயிறு தள்ளி என்னை நோக்கி வந்து
கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.
பழைய கணவாய் வாடை.
ஒரு எட்டு பின்னால் வைத்தேன்:
வலைக்கும் இடம் வேண்டும், யாரும் சொல்லித் தரவில்லை.

"எக்கா," என்றான் அழிக்கு அந்தப்புறம்,
"அன்னைக்கு நான்..."
மீதியைக் காற்று கலங்கரை விளக்குப் பக்கம்
கொண்டுபோயிற்று.
"செத்த பந்து," என்றேன். "நில்லு, மறுபடி போடுறேன்."

முகம் வலைக்குள். நெஞ்சு வலைக்குள்.
'ட'வின் வெட்டிய மூலையில்
என் கை மட்டும் வெளியே போனது,
விரல்கள் ஒவ்வொன்றாக விரிய,
மெதுவாக.